வந்ததற்கு ஒரு கையெழுத்து

"போட்டியளா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"ஏளா, நான் சொல்லுதத முழுசாக் கேளு. பள்ளிக்கூட வாசல்ல ஒரு மேசை போட்டு..."

"மேசையக் கேக்கல. போட்டியளா?"

"...கூட்டத்துக்கு வந்ததுக்கு ஒரு கையெழுத்துன்னாவ. எல்லாருந்தான் போட்டாவ. நான் ஒருத்தன் மட்டுமா..."

"எல்லாரு வீட்டு வாசல்லயுமா முளை அடிச்சிருக்கு? நம்ம வாசல்லதான அடிச்சிருக்கு!"

பாலம்மாள் கை நீட்டிய திசையில் கொம்பையா பார்க்கவில்லை. மூன்று வாரமாக அவர் அந்தத் திசையில் பார்ப்பதே இல்லை. வாசலுக்கு நேரே முப்பது எட்டு வைக்கும் தூரத்தில் முளை நின்றது. அதன் தலையில் கட்டிய சிவப்புத் துணி ஆனிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பிடும்போதும் அந்தச் சத்தம், படுத்தாலும் அந்தச் சத்தம்.

நாங்குநேரிக்கு மேற்கே கரும்பொத்தை கிராமத்தில் அந்த வருஷம், தொண்ணூற்றைந்தில், காத்தாடி வருவதாக இருந்தது. இரண்டு பனை உயரத்துக்கு ஒரு தூண், அதன் உச்சியில் மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் நாங்குநேரி பஸ்ஸைவிட நீளம். காற்றிலிருந்து கரண்டு எடுக்கப் போகிறார்களாம். எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஜீப்பில் வந்த இரண்டு பேர் முக்காலிக் கண்ணாடி வழியாக ஒற்றைக்கண்ணால் பார்த்துவிட்டு, வேறு எங்கும் இடமில்லாததுபோல, கொம்பையாவின் வாசலுக்கு எதிரே முளையை அடித்துவிட்டுப் போனார்கள்.

சட்டம் அப்படியொன்றும் மோசமில்லை. ஊராட்சிப் பலகையில் ஒட்டிய அறிவிப்பில் தெளிவாகவே இருந்தது: அருகில் குடியிருப்பு வீடு இருந்தால் காற்றாலையை இருநூறு மீட்டர் தள்ளி அமைக்க வேண்டும், ஆட்டுக்கிடை, வைக்கோல் படப்பு முதலியவை இருந்தால் அவற்றைத் தள்ளி அமைக்க வேண்டும். வரைபடத்தில் கொம்பையாவின் வீடு ஆட்டுக்கிடை என்று இருந்தது. வரைபடம் எழுதியவரையும் குறை சொல்ல முடியாது. அவர் வந்த அன்று கொம்பையாவும் பாலம்மாளும் பாபநாசத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கதவு பூட்டிக் கிடந்தது, முற்றத்தில் பதினெட்டு ஆடுகள் நின்றன. கண்ணால் கண்டதை எழுதினார்.

"அது கிடையில்ல, வீடுன்னு சொல்லிட்டு வாங்கன்னுதான அனுப்பினேன்? ஆவணில மவ பிள்ளத்தாச்சியா வாரா. எங்கன கொண்டு படுக்க வைப்பிய? கிடையிலயா?"

"சொல்லத்தான் போனேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலியே. ஆளுக்கொரு டீயக் குடுத்து அனுப்பிட்டாவ."

"கையெழுத்த மட்டும் வாங்கிட்டு."

அதுதான் பாலம்மாளுக்கு ஆறவில்லை. கொம்பையாவுக்கு எழுதத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. மூன்று வருஷத்துக்கு முன் அறிவொளி வகுப்பில் படித்தது. அன்றிலிருந்து அவர் கட்டைவிரலில் மை படவில்லை. ரேஷன் கடையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் யாராவது காகிதத்தை நீட்டினால் போதும், தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்துவிடுவார். முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால் என்று, வண்டியில் மாடு பூட்டுகிறவரைப்போல நிதானமாகப் பூட்டி முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவர்களுக்குக் கால் கடுத்துவிடும். என்ன காகிதம் என்று கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எழுதச் சொல்லிக் கேட்டார்களே, அதுவே பெரிது.

டீக்கடை முகம்மது மைதீன் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். துபாயில் பதினோரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். ஊரில் எந்தக் காகிதம் ஒட்டினாலும் முதலில் படிப்பவர்.

"வே கொம்பையா! பலகையில ஒட்டியாச்சு. ஊரே ஒருமனதா சந்தோசப்பட்டிருக்கு வே. உம்ம பேருதான் மொதல்ல இருக்கு."

பாலம்மாள் புருஷனைப் பார்த்தாள். கொம்பையா மைதீனின் சைக்கிளைப் பார்த்தார்.

"இன்னொண்ணு," என்று மைதீன் குரலைத் தாழ்த்தினார். "தெக்க எங்கயோ ஒரு காத்தாடி இறக்கை கழண்டு விழுந்துட்டுதாம். மூணு வயக்காடு தாண்டிப் போயி விழுந்துதாம். உண்மையோ பொய்யோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

முளையின் துணி படபடவென்று அடித்தது.

மறுநாள் காலை கொம்பையா ஊராட்சி அலுவலகத்துக்குப் போனார். கிளார்க் பலவேசம் உள்ளூர்ப் பையன்தான். வீட்டுக்கு வந்தால் "ஏலே பலவேசம்" என்று கூப்பிடுவார். மேசைக்கு அந்தப் பக்கம் பலவேசம் உட்கார்ந்திருக்கும்போது வாய் தானாகவே 'தம்பி' என்றது.

"தம்பி, நேத்து நான் போட்டது வந்ததுக்குத்தான?"

"வாரும் அண்ணாச்சி." பலவேசம் தீர்மானப் புத்தகத்தை விரித்தான். "பாரும், உம்ம கையெழுத்து எவ்வளவு லெச்சணமா இருக்கு. மத்தவன்லாம் கோழி கிண்டுன மாதிரில்லா வச்சிருக்கான்."

"நான் போடும்போது இதுக்கு மேல வெறுங் காயிதமாத்தான தம்பி இருந்துது?"

"இருக்கத்தான் செய்யும். கூட்டம் முடியாம என்ன தீர்மானம்னு எப்படித் தெரியும்? பெறவுதான எழுதணும். அதுக்குத்தான் எடம் விட்டு வாங்குதது."

"கூட்டத்துல யாரும் ஒண்ணும் பேசலியே."

"பேசல. எதுத்து ஒருத்தரும் பேசலேன்னா அதுக்குப் பேருதான் ஒருமனதா." பலவேசம் விரல் வைத்துப் படித்தான். "'கீழே கையொப்பமிட்டுள்ள பொதுமக்கள், மேற்படி ஆட்டுக்கிடையின் அருகில் காற்றாலை அமைவதற்குத் தங்கள் மகிழ்ச்சியைத் தெரிவித்துக்கொண்டனர்.'"

"அது கிடையில்ல தம்பி! ஒனக்குத் தெரியாதா? எம்மவ கலியாணத்துக்கு அந்த வீட்டுலதான நீ ரெண்டு தடவ சோறு கேட்டு வாங்கித் தின்ன?"

"மூணு தடவ. மதினி வச்ச சொதி அப்படி." பலவேசம் உண்மையாகவே வருத்தப்பட்டான். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. ஆனா எனக்குத் தெரிஞ்சத எழுத இந்தப் புஸ்தகத்துல கட்டம் இல்ல. சொன்னதத்தான் எழுதணும். தெரிஞ்சதயெல்லாம் எழுத ஆரம்பிச்சா ஆபீஸ் என்னத்துக்கு ஆகும்? வார வெள்ளிக்கிழம ஆட்சேபணக் கூட்டம் வச்சிருக்காவ. தராசுக் கமிட்டியே நேரா வருது. அங்கன வந்து சொல்லும்."

தராசுக் கமிட்டி என்பது ஊர் வைத்த பேர். காகிதத்தில் அதன் பேர் 'காற்றாலை இடத்தேர்வையும் உள்ளூர் நலனையும் சமநிலைப்படுத்தும் குழு'. தலைவர் சிவசங்கரன் அவர்கள். ஊராட்சித் தேர்தல் பல வருஷமாக நடக்காததால் கரும்பொத்தை உட்பட முப்பத்தேழு ஊராட்சிகளுக்கு அவரே தனி அலுவலர். நெற்றி நிறையத் திருநீறு, யாரையும் கடிந்து பேசாத வாய். அவர் ஜீப் சத்தம் கேட்டாலே கொம்பையாவுக்குக் கை வேர்க்கும்; அவர் சிரித்தால் இன்னும் அதிகமாக வேர்க்கும்.

வெள்ளிக்கிழமை கொம்பையா வாசலில் போட்ட கையெழுத்து மேசைப் பக்கமே போகவில்லை. பாலம்மாள் சொல்லிக் கொடுத்தபடி பள்ளிக்கூடத்தின் பின்பக்கமாகச் சத்துணவுக்கூட வழியில் நுழைந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் பித்தளைத் தராசு ஒன்று நின்றது. ஒரு தட்டில் பிளாஸ்டிக்கில் செய்த சின்னக் காத்தாடி. மறு தட்டில் ஒரு கும்பா மண். செக்கச்செவேலென்று இருந்த அந்த மண்ணைப் பார்த்ததும் கொம்பையாவுக்குத் தெரிந்துபோயிற்று, அது எந்த வாசலில் அள்ளியது என்று.

சிவசங்கரன் எழுந்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! மேலே இருப்பவர்கள் முடிவு செய்து கீழே இருப்பவர்கள் மேல் திணிக்கிற காலம் போய்விட்டது. இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். ஆனால் ஊராட்சியின் சம்மதம் இல்லாமல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்று உறுதியாக இருந்தேன். இன்றைய தேதியில் ஊராட்சி என்பதும் நான்தான். ஆகவே குழுத் தலைவர் என்ற முறையில் ஊராட்சிக்குக் கடிதம் எழுதினேன். அது எனக்கு வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. ஊர் நலனை மனத்தில் கொண்டு பல கேள்விகளை எழுப்பினேன். சில கேள்விகள் கடுமையாகவே இருந்தன. பதில் சொல்ல நான் திணறியது உண்மை. கடைசியில் என்னுடைய பதில்களில் எனக்கு முழுத் திருப்தி ஏற்பட்டது."

கை தட்டினார்கள்.

"காற்று யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே அதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். மண் உங்களுக்குச் சொந்தம். ஆகவே அதைக் கொடுக்கும் பெருமை உங்களுக்கு. இரண்டும் சமம். இதோ, உங்கள் கண்முன்னாலேயே காட்டுகிறேன்."

தராசைத் தூக்கினார். மண் தட்டு தடாலென்று இறங்கியது. காத்தாடி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

சிவசங்கரன் முகம் மாறவில்லை. காத்தாடித் தட்டில் ஒரு பேப்பர் வெயிட் வைத்தார். அசையவில்லை. இன்னொன்று வைத்தார். அப்புறம் மசிப்புட்டி, சாவிக்கொத்து, ஊராட்சி முத்திரை.

"பலவேசம், மண்ணைக் கொஞ்சம் எடும்."

பலவேசம் ஒரு கை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம்."

கை கையாக மண் கீழே விழுந்தது. கடைசியில் கும்பாவில் ஒரு சிட்டிகை மிஞ்சியபோது முள் நேராக நின்றது. சபை எழுந்து ஆரவாரம் செய்தது.

அந்த ஆரவாரத்தில் தானும் எழுந்துவிட்டதைக் கொம்பையா பிறகுதான் கவனித்தார். எழுந்தாயிற்று.

"அய்யா... ஒரு வார்த்த..."

"சொல்லுங்க பெரியவரே! அதுக்குத்தானே வந்திருக்கோம்." சிவசங்கரன் மகிழ்ந்து போனார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"போடலைங்க அய்யா."

"போடலைன்னா நீங்க இன்னும் வரலைன்னு அர்த்தம். வராதவர் எப்படிப் பேச முடியும்? போட்டுட்டுப் பேசுங்க. மணி ஆகட்டும், நான் காத்திருக்கேன்."

பலவேசம் புத்தகத்தை விரித்து நீட்டினான். மேலே முக்கால் பக்கம் வெள்ளையாக இருந்தது. கொம்பையா மைதீனைத் திரும்பிப் பார்த்தார். மைதீன் டீ கிளாஸ்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். பேச வேண்டும், பேசினால்தான் வீடு. குனிந்தார். கொம்பு இரண்டு முறை கோணிப் போயிற்று. நேராக்கினார். க போட்டார். கால் போட்டார். நிமிர்ந்து, "அய்யா, அது கிடையில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தபோது, தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் விறைத்து நின்றார்கள். கொம்பையாவும் திறந்த வாயோடு விறைத்து நின்றார்.

மறுநாள் பலகையில் ஒட்டியதை மைதீன்தான் படித்துச் சொன்னார். ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்திருந்து, தராசு காட்டப்பெற்று, மனத்தெளிவு அடைந்து கையொப்பமிட்டார்களாம்.

"இப்ப ரெண்டு ஆயிட்டு," என்றாள் பாலம்மாள். கத்தவில்லை. அவள் கத்தாதது கொம்பையாவை இன்னும் பயமுறுத்தியது.

"வண்ணார்பேட்டையில அவுக ஆபீஸ் இருக்கு," என்றார் மைதீன். "நேர போயி, என் கையெழுத்தத் திருப்பித் தாங்கன்னு கேளும். உம்ம பேரு, உம்ம கை. திருப்பித் தரமாட்டம்னா சொல்லுவாவ?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. திங்கட்கிழமை கொம்பையா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வண்ணார்பேட்டையில் பாத்திரக்கடை மாடியில் குழுவின் அலுவலகம். கீழே நூறு தராசு தொங்கியது. மேலே ஒன்றுதான், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள்.

சிவசங்கரன் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கொம்பையா விளிம்பில் உட்கார்ந்தார்.

"கையெழுத்து திரும்ப வேணுமா? தாராளமா. உங்க உரிமை. இந்த அலுவலகம் யாருடைய உரிமையிலும் தலையிட்டதே இல்லை." ஒரு படிவத்தை எடுத்தார். "ஆனா பாருங்க, திருப்பிக் கேட்கிறவர் கொடுத்தவர்தானான்னு எங்களுக்குத் தெரியணும். வழியில போறவன் வந்து கொம்பையா கையெழுத்தத் தான்னு வாங்கிட்டுப் போயிட்டா நாளைக்கு நீங்க என்னைக் கேப்பீங்களா மாட்டீங்களா?"

"கேப்பேன் அய்யா," என்றார் கொம்பையா. கேட்டிருக்கவே மாட்டார்.

"அதான். இங்கே ஒண்ணு போடுங்க. ஒத்துப் பார்க்கறதுக்கு."

பேனா கைக்கு வந்துவிட்டது. மாடியில் விசிறி சுற்றியது, மூன்று இறக்கை. ஒவ்வொரு சுற்றுக்கும் அது கழன்று வரும் என்று கொம்பையாவுக்குப் பட்டது. தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு போட்டார். சிவசங்கரன் மூன்று கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"அச்சு அசல்! மாநிலத்திலேயே இவ்வளவு ஒத்துப்போற கையெழுத்த நான் பார்த்ததில்ல. நேத்துவரைக்கும் இது உங்களுதுதானான்னு யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம். இனிமே கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். நேர்ல வந்து உறுதிப்படுத்திட்டுப் போறீங்க பாருங்க, இந்த மனசு யாருக்கு வரும்!"

"அப்போ... திருப்பித் தாறது?"

"புதன்கிழமை இறுதிக் கூட்டம். அங்கே வச்சு முடிவெடுப்போம். உங்களைத்தான் உள்ளூர் நலனோட பிரதிநிதியாப் போட்டிருக்கேன். எல்லாக் கூட்டத்துக்கும் வந்த ஒரே ஆள் நீங்கதான். அவசியம் வாங்க. வந்த உடனே..."

"...ஒரு கையெழுத்து."

"பிடிச்சுக்கிட்டீங்களே!" என்று சிவசங்கரன் முதுகில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து அவர் நடந்ததைச் சொல்லி முடித்தபோது பாலம்மாள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

"புதன்கிழம போவக் கூடாது."

"போகல."

"இனிமே எதுலயும் போடக் கூடாது."

"நீட்டுனா என்னளா செய்ய? கை தன்னால போவுது."

"நீட்டுனாத்தான? நீங்க இருந்தாத்தான நீட்டுவாவ? இனி யாரு வந்து கேட்டாலும் நீங்க இல்ல. நான் பாத்துக்கிடுதேன். என் வாயி இருக்கு, கையிதான் கிடையாது. நான் அறிவொளிக்கும் போகல, ஒண்ணுக்கும் போகல."

புதன்கிழமை போகவில்லை. வியாழக்கிழமை உச்சி வெயிலில் ஜீப் சத்தம் கேட்டது.

கொம்பையா சாப்பாட்டுத் தட்டைப் போட்டது போட்டபடி எழுந்து, உள்ளறையில் கம்பு கொட்டி வைக்கும் மண் குலுக்கைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். குலுக்கைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் கொள்ளாது, அவர் அடங்கினார். பாலம்மாள் தட்டை எடுத்து அடுக்களைக்குள் தள்ளினாள். அவர் செருப்பைக் காலால் சாக்குக்கு அடியில் ஒதுக்கினாள். கொடியில் கிடந்த வேட்டியைச் சுருட்டி ஆட்டுப்புல்லுக்குள் திணித்தாள். ஒரு நிமிஷத்தில் அந்த வீட்டில் ஆண்பிள்ளை இருந்த தடயம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. ஆடுகள் மட்டும் முற்றத்தில் நின்றன.

கொம்பையாவுக்கு இனிக் கண்ணில்லை, காதுதான்.

ஜீப் கதவு. செருப்புச் சத்தம், இரண்டு பேர். முளைத் துணியின் படபடப்பு.

"கொம்பையா இருக்காரா?" சிவசங்கரன் குரல். "நேத்துக் கூட்டத்துக்கு வரலை. தப்பில்லை. வரலைங்கறதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"அப்படி யாரும் இங்கன இல்லய்யா."

"வெளியே போயிருக்காரா? நாங்க உட்காந்திருக்கோம். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

அவர்கள் உட்கார்ந்தால் கொம்பையாவுக்குத் தும்மல் வந்துவிடும். குலுக்கைப் புழுதி மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. பாலம்மாளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அவள் குரல் உயர்ந்தது.

"வெளிய போறதுக்கு ஆளு இருக்கணும்லா? இங்கன கொம்பையாவும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது. யாரும் குடியில்லய்யா. ஆடுதான் நிக்கி, பாக்கியள்லா? போங்க."

ஒரு ஆடு கத்தியது. அப்புறம் சிவசங்கரன் பெருமூச்சு விட்டது உள்ளறை வரைக்கும் கேட்டது.

"அம்மா, நான் மனசாட்சிக்குக் கட்டுப்பட்டவன். மூணு நாளாத் தூக்கம் இல்லை. அந்தப் பெரியவர் முகமே கண்ணுல நிக்குது. ஒருவேளை இது வீடா இருக்குமோ, வரைபடம் தப்போன்னு ஒரு சந்தேகம். அதான் நானே புறப்பட்டு வந்தேன். 'இது வீடு, இங்கே குடியிருக்கோம்'னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் வாயால சொன்னாப் போதும், இருநூறு மீட்டர் தள்ளச் சொல்லி இந்த இடத்துலயே எழுதறதுன்னு பேனாவுல மை நிரப்பிக்கிட்டு வந்தேன்." பேனா மூடி கிளிக்கென்று மூடும் சத்தம். "மனசு லேசாச்சு. சொன்னதை எழுதிக்கோ பலவேசம். கிடையை நாளைக்குக் காலையில எடுத்துறலாம்."

கொம்பையா எழப் பார்த்தார். எழுந்தால் கொம்பையா வந்துவிடுவார். வந்தால் புத்தகத்தை நீட்டுவார்கள். நீட்டினால் கை போகும். எழாவிட்டால் விடிந்ததும் வீடு போகும். முழங்கால் சுவருக்கும் குலுக்கைக்கும் இடையில் மாட்டிக்கொண்டு அசைய மறுத்தது. "ஏளா, வீடுன்னு சொல்லு" என்று கத்தினார். கத்தியதாகத்தான் நினைத்தார். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

"அய்யா, நில்லுங்க..." என்று பாலம்மாள் தொடங்குவதற்குள் சிவசங்கரனின் செருப்பு ஜீப்பை நோக்கிப் போயிற்று. இன்னொரு செருப்பு வாசலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தாளில் பேனா கீறும் சத்தம், நிதானமாக, ஒரு வரி. அப்புறம் நின்றது.

பலவேசம் தொண்டையைச் செருமிக்கொண்டு, மூன்று தடவை சோறு கேட்டு வாங்கித் தின்ற அதே தணிந்த குரலில் கேட்டான்:

"யாரும் குடியில்லேன்னு எழுதிட்டேன் மதினி. சொன்னது யாருன்னு கீழ ஒரு கட்டம் இருக்கு. உங்கள யாருன்னு எழுத?"